பெங்களூர்ல புதுசா கார் ஓட்டுறவங்களுக்கு: இண்டிகேட்டர்ல ஆரம்பிச்சு எல்லா லைட்டும் எப்ப, எப்படி

ஊர்ல ஸ்கூட்டி ஓட்டிட்டு இருந்தவங்க, வேலைக்குன்னு பெங்களூர் வந்து, ஆட்டோக்கும் கேப்புக்கும் காசு குடுத்து சலிச்சுப் போய், மாரத்தஹள்ளி பக்கமோ பி.டி.எம் பக்கமோ ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி பேஸ்மென்ட்ல நிறுத்தி வெச்சுட்டு இன்னும் ரோட்டுக்கு எடுக்க யோசிக்கிறாங்கல்ல, அவங்களுக்குத்தான் இது. ட்ரைவிங் ஸ்கூல்ல கிளட்ச் சொல்லித் தருவாங்க, கியர் சொல்லித் தருவாங்க, ரிவர்ஸ் எடுக்க வெப்பாங்க, ஆனா லைட்டுனு வந்தா "இதான் சார் இண்டிகேட்டர், ரைட்டுனா இப்படி, லெஃப்டுனா அப்படி"ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. மிச்சத்த ரோட்டுல ஹாரன் வாங்கித்தான் கத்துக்கணும். அந்த ஹாரன்ல பாதியாவது கொறையட்டும்னு எழுதுறேன்.

வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி

மொதல்ல லீவர் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. மாருதி, ஹூண்டாய்ல எல்லாம் ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் இருக்கிற லீவர்தான் லைட்டும் இண்டிகேட்டரும், இடது பக்கம் வைப்பர். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுல அப்படியே தலைகீழ், இடது பக்கம்தான் இண்டிகேட்டர். ஸ்விஃப்ட் ஓட்டிப் பழகின ஆளு ஃப்ரெண்டோட போலோ எடுத்தா மொத நாள் முழுக்க ஒவ்வொரு டர்னிங்லயும் காஞ்ச கண்ணாடிய வைப்பர் கரகரன்னு தேய்ச்சிட்டே இருக்கும், பாக்கறவனுக்கு காமெடி, பின்னாடி வர்றவனுக்கு இல்ல.

மேல தூக்கினா எந்தப் பக்கம், கீழ தட்டினா எந்தப் பக்கம்னு மனப்பாடம் பண்ணாதீங்க, வண்டி மாறினா மாறிடும். ஸ்டீயரிங் எந்தச் சுத்துல போகப் போகுதோ லீவரும் அதே சுத்துல போகும், அவ்ளோதான். லீவர் வலது பக்கம் இருக்கா, ரைட் திரும்பணும்னா ஸ்டீயரிங்கோட வலது பக்கம் கீழ இறங்கும், அதனால லீவரையும் கீழ தட்டணும், லெஃப்டுக்கு மேல. லீவர் இடது பக்கம் இருந்தா ரைட்டுக்கு மேல, லெஃப்டுக்கு கீழ. பேஸ்மென்ட்ல நின்ன எடத்துலயே கண்ண டேஷ்போர்டு பக்கம் திருப்பாம விரல் மட்டும் லீவரைத் தேடிப் போற அளவுக்கு தட்டிப் பாருங்க. கைய ஸ்டீயரிங்ல இருந்து எடுக்கவே வேண்டியதில்ல, நடு விரலும் ஆள்காட்டி விரலும் போதும்.

இன்னொன்னு, லீவரை முழுசா தள்ளினா 'டக்'னு உக்காந்துக்கும், பாதி தள்ளி விட்டா நெறைய புது வண்டில மூணு தடவ மட்டும் மின்னிட்டு தானா நின்னுடும். அது லேன் மாறுறதுக்குன்னு குடுத்தது. பெங்களூர் ட்ராஃபிக்ல அந்த மூணு மின்னல் பத்தவே பத்தாது, முழுசா தள்ளிப் போடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா முழுசா போட்டா ஒரு வேலை இருக்கு, நல்லா ஒடிச்சு திரும்பினா ஸ்டீயரிங் நேரா வரும்போது இண்டிகேட்டர் தானா ஆஃப் ஆகும், லேன் மாறும்போது ஸ்டீயரிங் கொஞ்சம்தான் அசையும், அதனால ஆஃப் ஆகாது, நீங்கதான் திருப்பி விடணும். ஏர்போர்ட் ரோட்டுல பாருங்க, ஹெப்பால்ல போட்ட ரைட் இண்டிகேட்டர் யெலஹங்கா வரைக்கும் மின்னிட்டே போகும். உள்ள பாட்டு சத்தத்துல அந்த டிக் டிக் சத்தம் கேக்கறதில்ல. லேன் மாறி முடிச்சதும் டேஷ்போர்டுல அந்தப் பச்சை அம்பு நின்னுடுச்சான்னு ஒரு பார்வை பாத்துக்கோங்க.

எப்ப போடணும்

வரிசை இதான்: மொதல்ல கண்ணாடி, அடுத்து இண்டிகேட்டர், அப்புறம் ப்ரேக், கடைசிலதான் ஸ்டீயரிங். நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேர் இத தலைகீழா பண்றாங்க, ப்ரேக் அடிச்சு, ஸ்டீயரிங் ஒடிச்சு, பாதி திரும்பினப்புறம் இண்டிகேட்டர் போடுறாங்க. அதுக்குப் போடாமயே இருக்கலாம், திரும்புறதுதான் கண்ணால தெரியுதே. ப்ரேக்குக்கு முன்னாடி இண்டிகேட்டர் ஏன் வேணும்னா, வெறும் ப்ரேக் லைட்ட மட்டும் பாத்தா பின்னாடி இருக்கிற பைக்காரன் ஏதோ பள்ளம் போலன்னு நெனச்சு சைடுல பூந்து போக பாப்பான், நீங்க திரும்பப் போறதும் அதே சைடா இருந்தா கதை முடிஞ்சுது.

எவ்ளோ முன்னாடின்னு கேட்டா மீட்டர் கணக்கு வேணாம், நொடிக் கணக்கு வெச்சுக்கோங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும், 80ல 22 மீட்டர். சிட்டிக்குள்ள திரும்ப மூணு நொடிக்கு முன்னாடி போட்டா முப்பது மீட்டருக்கு மேல ஆச்சு, பின்னாடி இருக்கிறவன் பாத்து, புரிஞ்சு, காலைத் தூக்க அது போதும். எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் மேலயோ நைஸ் ரோட்டுலயோ போகும்போது அஞ்சு நொடியாவது வேணும். ரொம்ப முன்னாடியும் போடாதீங்க, இந்திராநகர் மாதிரி ஏரியால வரிசையா க்ராஸ் ரோடு இருக்கும், ரெண்டு க்ராஸுக்கு முன்னாடியே போட்டா இந்தத் தெருவுக்குள்ள போறாருன்னு நெனச்சு அங்கிருந்து ஒருத்தன் வண்டிய வெளிய விட்டுடுவான். உங்க க்ராஸுக்கு முந்தின க்ராஸ தாண்டினதும் போடுங்க.

சட்டமும் இதத்தான் சொல்லுது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 121வது பிரிவுலயே திரும்பும்போதும் நிக்கும்போதும் சிக்னல் காட்டணும்னு இருக்கு. 177வது பிரிவுல மொத தடவைக்கு 500 ரூபாய் வரைக்கும், திரும்பப் பண்ணினா 1500 வரைக்கும்னு 2019ல ஏத்தி விட்டாங்க. ஃபைனுக்கு பயந்து இண்டிகேட்டர் போட்ட ஆள நான் பாத்ததில்ல, அது வேற விஷயம்.

"இண்டிகேட்டர் போட்டா வழியே விட மாட்டாங்க ப்ரோ"

ஆபீஸ் கேன்டீன்ல இந்தப் பேச்சு வராத நாளே இல்ல. சில்க் போர்டு பக்கம் சர்வீஸ் ரோட்டுல இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறணும், ரைட் இண்டிகேட்டர் போட்டீங்க, உடனே பக்கத்துல வர்ற கார் ஆக்ஸிலேட்டர மிதிச்சு இருந்த கேப்ப அடைக்கும். அதனால போடாமயே திடீர்னு மூக்க நுழைச்சிடணும்னு ஒரு கோஷ்டி சொல்லும். கேக்க நியாயமாத்தான் இருக்கும், ஆனா கேப்ப அடைக்கிறது காருங்கதான், உங்கள இடிக்கப் போறது ரெண்டு காருக்கு நடுவுல வர்ற டெலிவரி பைக். கார்காரன் வழி விடலன்னாலும் அந்தப் பையனுக்கு உங்க இண்டிகேட்டர் தெரிஞ்சாகணும்.

என்ன பண்ணலாம்னா, ரோடு சேர்ற எடத்துக்கு வந்தப்புறம் போடாம முன்னாடியே போட்டுடுங்க. மொத கார் விட மாட்டான், விடுங்க, அவன் போகட்டும். ரெண்டாவது ஆளும் பெரும்பாலும் அவன ஒட்டியே போவான். மூணாவதா வர்றவனுக்கு உங்க லைட் கொஞ்ச நேரமா மின்னிட்டு இருக்கிறது தெரியும், அவன்கிட்டதான் கேப் கெடைக்கும், கண்ணாடில அவன் முன் சக்கரம் மெதுவாகுறது தெரிஞ்சதும் ஸ்டீயரிங்க லேசா, ஒரு கால் சுத்துக்கும் கம்மியா திருப்பி, பாதி வண்டி மட்டும் காட்டி, அப்படியே நகர்ந்து போங்க. ஜன்னல் வழியா கைய நீட்டி ஒரு 'இருங்க' காட்டினா இந்த ஊர்ல இன்னும் நல்லாவே வேலை செய்யும், கண்ணாடி ஏத்திட்டு ஏ.சி.ல உக்காந்திருந்தா அது முடியாது. வழி விட்டவருக்கு கைய தூக்கி ஒரு நன்றி, அவ்ளோதான். இண்டிகேட்டர் போட்டுட்டோம்ல, அவன்தான் நிக்கணும்னு மட்டும் திரும்பிடாதீங்க, நாம கேக்குறோம், அவன் தரணும்.

டர்னிங் வகை வகையா

லெஃப்ட் டர்ன் ஈஸின்னு எல்லாரும் நெனப்பாங்க, இங்க அதுதான் டேஞ்சர். உங்களுக்கும் ஃபுட்பாத்துக்கும் நடுவுல ஒரு பைக் நுழையற அளவுக்கு எடம் இருந்தா கண்டிப்பா ஒரு பைக் நுழையும், சில சமயம் ஃபுட்பாத் மேலயே வரும். அதனால லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பாத்து, கொஞ்சம் கொஞ்சமா இடது ஓரத்துக்கு போய் அந்த எடத்த நீங்களே அடைச்சுக்கோங்க, திரும்பறதுக்கு முந்தின நொடி தோளுக்கு மேல தலையத் திருப்பி ஒரு தடவ பாருங்க, கண்ணாடில தெரியாத ஓரம் ஒன்னு எல்லா கார்லயும் இருக்கு.

ரைட் டர்ன்லயும் யூ டர்ன்லயும் எதிர்ல வண்டி போறவரைக்கும் காத்து நிக்கும்போது இண்டிகேட்டர் எரியட்டும், ஆனா சக்கரம் நேரா இருக்கட்டும். இப்பவே ஒடிச்சு வெச்சுட்டு நின்னா, பின்னாடி ஒருத்தன் லேசா தட்டினாலும் வண்டி நேரா எதிர் ட்ராஃபிக்குள்ள போயிடும்.

ரோடு தானா வளையிற எடத்துல இண்டிகேட்டர் தேவையில்ல. நேரா போறதுக்கும் தேவையில்ல. ஃப்ளைஓவர் ஏறுறதா கீழ போறதான்னு பிரியிற எடத்துல மட்டும் நேரா போற மாதிரியே தோணும், ஆனா லேன் மாறுறீங்க, போடணும். அதுவும் பிரியிற எடத்துக்கு வந்து மேப்ப பாத்து முழிச்சுட்டு குறுக்க வெட்டாதீங்க, தப்பான ரோட்டுல போனா என்ன, அடுத்த யூ டர்ன் வரைக்கும் போய் வரலாம்.

சர்க்கிள்னா, இந்த ஊர்ல பேர்ல சர்க்கிள் இருக்கும் பாதி எடத்துல சிக்னல்தான் இருக்கும். நெஜமாவே ரவுண்டானா இருந்தா ஏற்கனவே உள்ள சுத்திட்டு இருக்கிற வண்டிக்கு, அதாவது உங்க வலது பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு வழி விட்டு நுழையுங்க, வெளிய வர்ற ரோட்டுக்கு முன்னாடி லெஃப்ட் இண்டிகேட்டர். பார்க்கிங்ல இருந்து ரோட்டுக்கு வரும்போது ரைட், ஓரங்கட்டும்போது லெஃப்ட், இதையும் யாரும் போடறதில்ல.

அந்த சிவப்பு முக்கோணம்

டேஷ்போர்டு நடுவுல சிவப்பா ஒரு முக்கோணம் போட்ட பட்டன், அமுக்கினா நாலு இண்டிகேட்டரும் சேந்து மின்னும். ஹஸார்டு லைட். வண்டி ரிப்பேராகி நின்னுடுச்சு, டயர் பஞ்சர், ஆக்சிடென்ட், இதுக்குத்தான் அது. இங்க என்னடான்னா ஜங்ஷன்ல நேரா போறதுக்கு ஹஸார்டு, மழைக்கு ஹஸார்டு, அண்டர்பாஸுக்குள்ள ஹஸார்டு, டீக்கடை முன்னாடி ரெண்டாவது வரிசைல நிறுத்திட்டு 'ரெண்டே நிமிஷம் சார்'ங்கறதுக்கும் ஹஸார்டு.

ஓடுற வண்டில அத போட்டா ரெண்டு தொல்லை. ஒன்னு, நீங்க லேன் மாறப் போறீங்கன்னு சொல்ல வழியே இல்லாம போயிடும், ஏன்னா ரெண்டு பக்கமும் ஏற்கனவே மின்னுது. இன்னொன்னு, உங்க ஒரு பக்கத்த லாரியோ பஸ்ஸோ மறைச்சிட்டு இருந்தா பாக்கறவனுக்கு ஒரே ஒரு இண்டிகேட்டர்தான் தெரியும், ஜங்ஷன்ல நீங்க லெஃப்ட் போறீங்கன்னு நெனச்சு அவன் எடுத்துடுவான். மழைல தெரியணுமா, ஹெட்லைட்ட லோ பீம்ல, அதாவது கீழ ரோட்ட பாத்து அடிக்கிற மாதிரி போடுங்க, பின்னாடி சிவப்பு லைட்டும் கூடவே எரியும், அது போதும். ஹைவேல போகும்போது முன்னாடி எல்லாம் திடீர்னு நின்னுடுச்சு, நீங்கதான் வரிசைல கடைசி ஆளுன்னா, அப்ப மட்டும் சில நொடி ஹஸார்டு போட்டு பின்னாடி வர்றவன உஷார் பண்றதுல நியாயம் இருக்கு. பின்னாடி ஒரு வண்டி வந்து நின்னதும் ஆஃப் பண்ணிடுங்க.

ஹெட்லைட்

நெறைய புது கார்ல பகல்லயும் முன்னாடி வெள்ளையா டி.ஆர்.எல்னு ஒரு பட்டை லைட் எரியும், டேஷ்போர்டும் எப்பவும் பளிச்சுன்னு இருக்கும். இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து கெளம்புறீங்க, ரோட்டுல தெரு விளக்கு இருக்கு, டேஷ்போர்டு எரியுது, முன்னாடி கார் மேல உங்க டி.ஆர்.எல் வெளிச்சம் விழுது, லைட் போட்டாச்சுன்னே நெனச்சு ஓட்டிட்டு இருப்பீங்க, ஆனா நெறைய கார்ல டி.ஆர்.எல் எரியும்போது பின்னாடி ஒரு லைட்டும் எரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவுட்டர் ரிங் ரோட்டுல பின்பக்கம் கும்முனு இருட்டா போற காருங்கள எண்ணிப் பாருங்க, தெரியும். லீவர் நுனில இருக்கிற வளையத்த திருகி ஹெட்லைட் சிம்பலுக்கு கொண்டு வாங்க, ஆட்டோன்னு இருந்தா அதுலயே விட்டுடுங்க. டேஷ்போர்டுல பச்சை லைட் சிம்பல் வந்தாத்தான் கணக்கு.

நீல சிம்பல் வந்தா ஹை பீம், அதாவது நேரா தூரத்துக்கு அடிக்கிற வெளிச்சம். சிட்டிக்குள்ள நீல கலர் தெரியவே கூடாது. கிருஷ்ணகிரி போற ரோட்டுல, தெரு விளக்கு இல்லாத எடத்துல போடலாம், எதிர்ல வண்டி வந்தா எறக்கணும், நடுவுல டிவைடர் இருந்தாலும் சரி. முன்னாடி போற வண்டி கிட்ட நெருங்கினாலும் எறக்கணும், இத யாருமே யோசிக்கறதில்ல, உங்க வெளிச்சம் அவரு கண்ணாடில பட்டு நேரா கண்ணுல அடிக்கும். எதிர்ல ஒருத்தன் ஹை பீம்ல வந்தா பதிலுக்கு நீங்களும் போட்டு சண்டை போடாதீங்க, கண்ணு தெரியாத ரெண்டு ட்ரைவர்னு ஆகிடும். வேகத்த கொறச்சு ரோட்டோட இடது ஓர வெள்ளைக் கோட்ட பாத்து ஓட்டுங்க.

லீவர உங்க பக்கம் இழுத்தா ஒரு தடவ ஹை பீம் அடிச்சு நிக்கும். வேற நாட்டுல இருந்துட்டு வந்தவங்களுக்கு இது 'நீங்க போங்க'. இங்க பெரும்பாலும் 'நான் வர்றேன், நீ நில்லு'. எதிர்ல ஒருத்தன் ஃப்ளாஷ் அடிச்சான்னா வழி விட்டான்னு நெனச்சு திரும்பிடாதீங்க, அவன் வண்டி நெஜமாவே மெதுவாகுதான்னு பாருங்க.

டேஷ்போர்டுல 0, 1, 2, 3ன்னு நம்பர் போட்ட சின்ன சக்கரம் ஒன்னு நெறைய கார்ல இருக்கும், வாங்கின நாள்ல இருந்து தொடாதவங்கதான் அதிகம். பொங்கலுக்கு ஊருக்கு கெளம்புறீங்க, பின்னாடி மூணு பேர், டிக்கில பெட்டி, வரும்போது அரிசி மூட்டையும் தேங்காயும். பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கிக்கும், லோ பீம் போட்டாலும் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். அந்த சக்கரத்த ரெண்டு, மூணுன்னு கூட்டுங்க, வெளிச்சம் கீழ எறங்கும். நீங்க மட்டும் ஓட்டும்போது திரும்ப சைபர்.

ஜே.சி ரோடு பக்கம் கடைல 'சார், ஒயிட் எல்.ஈ.டி போட்டுக்கங்க, செம வெளிச்சம்'னு சொல்லுவாங்க. ஹாலஜன் பல்புக்குன்னு செஞ்ச கிண்ணத்துல எல்.ஈ.டி பல்ப சொருகினா வெளிச்சம் போக வேண்டிய எடத்துக்கு போகாம நாலா பக்கமும் செதறும். உங்களுக்கு வண்டிக்கு முன்னாடி பத்தடி பளிச்சுன்னு இருக்கும், தூரத்துல ஒன்னும் தெரியாது, எதிர்ல வர்றவனுக்கு கண்ணே தெரியாது. 2024ல கர்நாடகா போலீஸ் இந்த மாதிரி கண் கூசுற லைட்டுக்கு கேஸ் போட எறங்கினாங்க. ஹெட்லைட் மங்கலா இருக்குன்னா பல்ப மாத்துறதுக்கு முன்னாடி மேல இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கான்னு பாத்து பாலிஷ் போடுங்க, பாதி வெளிச்சம் அதுலயே திரும்ப வந்துடும்.

ஃபாக் லேம்ப் நந்தி ஹில்ஸ் விடிகாலைப் பனிக்கு நல்லது, ஹை பீம் போட்டா பனில பட்டு வெள்ளைத் திரையா திரும்பி வரும், அதனால லோ பீமும் ஃபாக்கும். பின்னாடி ஃபாக் லேம்ப் இருக்கிற வண்டின்னா டேஷ்போர்டுல மஞ்ச சிம்பல் வரும், கீழ எறங்கினதும் அத அணைச்சிடுங்க, ப்ரேக் லைட் அளவுக்கு சுள்ளுன்னு எரியும், பின்னாடி வர்றவனுக்கு எரிச்சல்.

மத்த வண்டிகள படிக்கிறது

ப்ரேக் லைட்ட பாக்கும்போது முன்னாடி காரோட லைட்ட மட்டும் பாக்காதீங்க. பின் கண்ணாடில மேல ஒரு மூணாவது ப்ரேக் லைட் இருக்கும், முன்னாடி காரோட கண்ணாடி வழியா அதுக்கும் முன்னாடி இருக்கிற காரோட அந்த லைட் தெரியும். அது எரிஞ்சதும் காலைத் தூக்கிட்டீங்கன்னா ஜெர்க்கே இல்லாம ஓட்டலாம். வெள்ளை லைட் பின்னாடி எரிஞ்சா ரிவர்ஸ், மேட்டுல நிக்கும்போது முன்னாடி வண்டில அது தெரிஞ்சா ஒரு சின்ன ஹாரன் தட்டுங்க.

பி.எம்.டி.சி பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு ரைட் இண்டிகேட்டர் போட்டா அவர் கெளம்பியாச்சுன்னு அர்த்தம், போட்டி போடாதீங்க. ஆட்டோல இண்டிகேட்டர எதிர்பாக்காதீங்க, அண்ணனோட கையோ காலோ எந்தப் பக்கம் வெளிய வருதுன்னு பாருங்க. பைக்ல பகல்ல ஹெட்லைட் எரிஞ்சா கைய மூடித் திறந்து காட்ட வேண்டாம், 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற புது டூ வீலர் எல்லாத்துலயும் அது தானா எரியும்.

லாரிதான் கஷ்டம். ரெண்டு லேன் ரோட்டுல முன்னாடி போற லாரி லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா 'நான் ஒதுங்குறேன், ஏறிப் போ'ன்னு இருக்கலாம், நெஜமாவே லெஃப்ட்ல தாபாவுக்குள்ள திரும்பறதாவும் இருக்கலாம். ரைட் போட்டா ஒருத்தர் 'எதிர்ல வண்டி வருது, ஏறாத'ன்னு சொல்லுவார், வடக்கத்தி லாரி 'ரைட் சைடுல ஏறிப் போ'ன்னு சொல்லும், மூணாவது ஆள் உண்மையாவே ரைட் திரும்புவார். அதனால அவரு சொன்னத நம்பி ஏறாதீங்க, எதிர் ரோடு உங்க கண்ணுக்கு முழுசா தெரிஞ்சாத்தான்.

பல்பு போச்சுன்னா

வாரத்துல ஒரு நாள், பேஸ்மென்ட்ல செவுத்துக்கு பின்பக்கத்த காட்டி நிறுத்தி ப்ரேக்க மிதிங்க, செவுத்துல ரெண்டு பக்கமும் சிவப்பு விழுதான்னு கண்ணாடில பாருங்க, அப்படியே ரிவர்ஸ் போட்டு வெள்ளையும், லெஃப்ட் ரைட் போட்டு மஞ்சளும். வாட்ச்மேன் அண்ணனக் கூட கூப்பிட வேண்டாம். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் டிக்டிக்டிக்னு அவசர அவசரமா அடிச்சா அந்தப் பக்கம் ஒரு பல்பு ஃப்யூஸ் போயிருக்குன்னு அர்த்தம், முன்னாடியா பின்னாடியான்னு எறங்கிப் பாத்தா தெரிஞ்சிடும். சாதா பல்ப்னா பெரும்பாலும் 21 வாட், எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைலயும் கெடைக்கும், மெக்கானிக் ரெண்டு நிமிஷத்துல மாத்திடுவார். பழச கையில எடுத்துட்டுப் போய் காட்டி வாங்குங்க, மாட்டுற எடத்துல இருக்கிற பல் வண்டிக்கு வண்டி மாறும்.

கடை வர்ற வரைக்கும் கைதான். ரைட்டுனா வலது கைய ஜன்னலுக்கு வெளிய நேரா நீட்டி உள்ளங்கை முன்னாடி பாத்த மாதிரி. லெஃப்டுனா அதே வலது கைய நீட்டி கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா சுத்தணும். மெதுவாகுறீங்கன்னா உள்ளங்கைய கீழ பாக்க வெச்சு மேலயும் கீழயும் ஆட்டணும், நிக்கப் போறீங்கன்னா முழங்கைல இருந்து கைய நேரா மேல தூக்கணும். இதெல்லாம் பகலுக்குத்தான், ராத்திரி கை யாருக்கும் தெரியாது. ஓசூர் தாண்டி இருட்டுல பின் இண்டிகேட்டர் போயிடுச்சுன்னா லேன் மாறாம இடது லேன்லயே போய், வெளிச்சம் இருக்கிற பெட்ரோல் பங்க்ல நிறுத்தி பக்கத்துல மெக்கானிக் இருக்காரான்னு கேளுங்க.